உருக 801 டிகிரி, கரைய ஒரு தம்ளர் தண்ணீர்: உப்பின் பிணைப்பைப் பற்றி ஒரு விரிவான பதில்

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பதினோராம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். முதலாவது: சோடியம் அணு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நிலைத்தன்மை அடைகிறது என்று ஒரு பாடத்தில் படித்தேன், அடுத்த பாடத்திலோ அதே எலக்ட்ரானை அகற்ற ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் பேரெண்ணிக்கை) 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்று இருக்கிறது, தானே விரும்பிக் கொடுப்பதற்கு எதற்குச் செலவு? இரண்டாவது: உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்னும் அளவுக்குப் பிணைப்பு வலுவானது என்றால், அதே உப்பு அடுப்பே இல்லாமல் ஒரு தம்ளர் தண்ணீரில் எப்படிப் பிரிந்துபோகிறது? மூன்றாவது: எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவில் போர்த் தண்ணீரால் படிகிற வெள்ளைப் படிவு எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீரில் கரைவதில்லை, பல்லைக் கெடுப்பதாக ஊரில் சொல்கிற ஃபுளோரைடு என்பது அதுதானா, தண்ணீரைக் காய்ச்சினால் அது போய்விடுமா?

இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், முதல் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஏனெனில் இரண்டு பாடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்வி எழும். தம்பி, உங்கள் ஐயம் சரியானது. சோடியம் எலக்ட்ரானை விரும்பிக் கொடுப்பதில்லை. அதைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. 'கொடுக்க விரும்புகிறது', 'வாங்க விரும்புகிறது', 'எட்டு எலக்ட்ரான் கிடைத்ததும் நிறைவடைகிறது' என்ற சொற்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நினைவுக் குறிப்பாக உதவுகின்றன; ஆனால் காரணம் என்று அவற்றை எடுத்துக்கொண்டால், பிறகு வரும் பண்புகள் எவற்றையும் அவற்றால் விளக்க முடிவதில்லை.

வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் சோடியம் ஆவியிலிருந்து ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் எலக்ட்ரான் வீதம் அகற்ற 496 கிலோஜூல் செலவு. அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்றுக்கொள்ளும்போது வரவு 349 கிலோஜூல் மட்டுமே. ஆக, ஒன்றையொன்று தொடாத தொலைவில் நிற்கும் ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொண்டால், மோலுக்கு 147 கிலோஜூல் நட்டம். இதோடு முடியவில்லை. சோடியம் நமக்குத் திண்மமாகத்தான் கிடைக்கிறது. அதைத் தனித்தனி அணுக்களாக ஆவியாக்க ஏறத்தாழ 108 கிலோஜூல் வேண்டும். குளோரின் இரட்டை அணுக்களாகத்தான் கிடைக்கிறது. அரை மோல் மூலக்கூறுகளைப் பிளக்க ஏறத்தாழ 121 கிலோஜூல் வேண்டும். எல்லாம் சேர்ந்து 376 கிலோஜூல் செலவான நிலையில் நம்மிடம் இருப்பது தனித்தனியே திரியும் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும், அதாவது எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை கொண்டுவிட்ட அணுக்கள். இரண்டு வகை அயனிகளுக்கும் மந்த வாயுவின் எலக்ட்ரான் அமைப்பு வந்துவிட்டது. இருந்தும் இலாபம் ஒன்றும் இல்லை.

அந்த அயனிகள் நெருங்கி வந்து, அடுக்கடுக்காக ஒரு படிகமாக அமையும்போதுதான் வரவு வருகிறது. ஒரு மோல் உப்புக்கு 787 கிலோஜூல். இதைத்தான் படிகக்கூடு ஆற்றல் என்கிறோம். 787-இலிருந்து 376-ஐக் கழித்தால் 411 மிஞ்சும். சோடியத்தையும் குளோரினையும் நேரடியாகச் சேர்த்து உப்பு உண்டாக்கும்போது வெப்பமாக வெளிவருவதாக அளந்திருக்கும் அளவும் அதுவே. இந்தக் கணக்குப் போடும் முறையை 1919-இல் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் வகுத்தார்கள். உங்கள் பாடப்புத்தகத்தில் பார்ன்-ஹேபர் சுற்று என்று வருவது இதுதான். அதைத் தேர்வுக்கான ஒரு படமாக மட்டும் மனப்பாடம் செய்யாமல், இந்த ஐந்து எண்களையும் கையால் ஒரு முறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். அயனிப் பிணைப்பு எங்கே இருக்கிறது என்பது அந்தக் கூட்டலிலேயே தெரியும். எலக்ட்ரான் கைமாறுவது பிணைப்புக்கான முன்பணம். பிணைப்பு என்பது அதன் பிறகு அயனிகளின் பெருங்கூட்டம் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வது.

கூட்டம் என்று நான் சொல்வதை அளவோடு விளக்க வேண்டும். ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் உள்ள கல் உப்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறத்தாழ 58 மில்லிகிராம். அதில் ஏறத்தாழ 60 இலட்சம் கோடி கோடி சோடியம் அயனிகளும் அதே எண்ணிக்கையில் குளோரைடு அயனிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி மேல், கீழ், முன், பின், வலம், இடம் என ஆறு குளோரைடு அயனிகள் 282 பிக்கோமீட்டர் (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) தொலைவில் நிற்கின்றன; ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் அதே போல ஆறு சோடியம். முதல் வளையத்தின் ஆறு குளோரைடுகள் நடுவிலுள்ள சோடியத்தை இழுக்கின்றன. அடுத்த வளையத்தின் பன்னிரண்டு சோடியம் அயனிகள் அதைத் தள்ளுகின்றன. அதற்கடுத்த எட்டுக் குளோரைடுகள் மீண்டும் இழுக்கின்றன. இந்த இழுப்பையும் தள்ளலையும் முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை என்ன என்பதை எர்வின் மாடலுங் என்ற இயற்பியலாளர் 1918-இல் கணக்கிட்டார். உப்பின் அமைப்புக்கு அது 1.7476. அதாவது, அதே 282 பிக்கோமீட்டர் தொலைவில் ஒரே ஒரு சோடியம் அயனியும் ஒரே ஒரு குளோரைடு அயனியும் இணையாக நின்றால் கிடைக்கும் ஈர்ப்பாற்றலைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு, படிகத்தில் நிற்பதனால் கிடைக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. படிகத்துக்குள் 'இந்தச் சோடியம் இந்தக் குளோரைடுக்கு உரியது' என்று எந்த இணையையும் சுட்ட முடியாது. உப்புக் கட்டிக்குள் உப்பு மூலக்கூறு என்று ஒன்று இல்லை. 1913-இல் வில்லியம் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்பின் அமைப்பைக் கண்டறிந்தபோது வெளிப்பட்ட உண்மை இது. அதை ஏற்பது அக்கால வேதியியலாளர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், சதுரங்கக் கட்டம் போல அணுக்கள் மாறி மாறி நிற்கின்றன என்ற கருத்தைக் கடுமையாக மறுத்து, 1927-இல்கூட நேச்சர் இதழில் எழுதினார். படித்த பெரியவர்களே பதினான்கு ஆண்டுகள் கழித்தும் ஏற்கத் தயங்கிய ஒன்றை, ஒரு பாடவேளையில் கேட்டுவிட்டுக் குழம்புவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உப்பை மிக அதிகமாகச் சூடாக்கி ஆவியாக்கினால், அந்த ஆவியில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த இணைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; ஆனால் சமையலறை உப்பில் அவை இல்லை.

எட்டு எலக்ட்ரான் விதியை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்த விதி ஏன் பலிக்கிறது என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். சோடியத்திலிருந்து இரண்டாவது எலக்ட்ரானையும் பிடுங்க முயன்றால், அது உள் கூட்டிலிருந்து வர வேண்டியிருப்பதால், செலவு 4,562 கிலோஜூலாக ஏறிவிடுகிறது. அந்தக் கடனை எந்தப் படிகக்கூடு ஆற்றலாலும் அடைக்க இயலாது. மக்னீசியத்தின் கதை வேறு. அதன் இரண்டு எலக்ட்ரான்களையும் அகற்ற 738-உம் 1,451-உம் சேர்த்து 2,189 கிலோஜூல்தான். இரட்டை மின்சுமை கொண்ட அயனி படிகத்தில் அமையும்போது வரும் வரவு அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே மக்னீசியம் இரண்டைக் கொடுக்கிறது. இதைவிடவும் தெளிவான சான்று ஆக்சிஜன். ஓர் ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிவருகிறது. ஏற்கெனவே எதிர்மின்சுமை பெற்றுவிட்ட அது இரண்டாவது எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றல் வெளிவருவதில்லை, மாறாக 700 கிலோஜூலுக்கும் மேல் செலவாகிறது. எட்டு எலக்ட்ரான் நிறைந்த அந்த ஆக்சைடு அயனி வெளியில் தனியே நிலைத்திருக்கக்கூட முடியாதது. படிகத்துக்குள் நேர்மின் அயனிகள் சூழ நிற்கும்போது மட்டுமே அது வாழ்கிறது. எட்டு நிறைந்தால் நிறைவு என்பது உண்மையானால் இப்படி நேராது.

பண்புகளுக்கு வருவோம். உருகுநிலை எதனால் உயர்கிறது என்று கேட்டால், இரண்டே அளவுகளைப் பாருங்கள்: அயனிகளின் மின்சுமை, அவற்றுக்கிடையேயான தொலைவு. சோடியம் ஃபுளோரைடு 993 டிகிரியிலும், சோடியம் குளோரைடு 801 டிகிரியிலும், பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரியிலும், பொட்டாசியம் அயோடைடு 681 டிகிரியிலும் உருகுகின்றன; அயனிகளின் அளவு பெரிதாகப் பெரிதாக மையங்களுக்கிடையே தொலைவு கூடி, பிடி தளர்கிறது. மின்சுமை இரட்டித்தால் மாற்றம் மிகப் பெரிது. மக்னீசியம் ஆக்சைடின் அமைப்பு உப்பின் அமைப்பேதான். ஆனால் இரண்டு பக்கமும் இரட்டை மின்சுமை, தொலைவும் 210 பிக்கோமீட்டராகக் குறைவு. அதனால் படிகக்கூடு ஆற்றல் உப்பினுடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. உருகுநிலை 2,850 டிகிரி அளவில். நமக்கு அண்டையில் சேலத்துக் குன்றுகளில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், மக்னீசியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டு மக்னீசியம் ஆக்சைடாக்கி, இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவர்க் கற்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். உருகிய எஃகு 1,600 டிகிரியில் மேலே தகதகத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சுவர் அசையாமல் நிற்பதற்குக் காரணம் அந்த இரட்டை மின்சுமைதான்.

நம் வீடுகளில் திருஷ்டி சுற்றிப்போட்ட கல் உப்பை அடுப்பில் இட்டால் படபடவென்று வெடிக்கும். உப்பு உருகித்தான் வெடிக்கிறது என்று பல மாணவர்கள் எழுதுவார்கள், அது சரியன்று. உப்பளத்தில் படிகம் வளரும்போது அதன் உள்ளே சிறு சிறு குமிழ்களாகச் சிக்கிக்கொண்ட நீர், சூட்டில் ஆவியாகி விரிந்து, வழி கிடைக்காமல் படிகத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும் ஓசையே அது. படிகம் வளைந்து கொடுக்காமல் சட்டென்று பிளப்பதும் அயனிப் பிணைப்பின் இயல்பே. செப்புக் கம்பியைச் சுத்தியால் அடித்தால் தட்டையாகிறது. உப்புக் கட்டியை அடித்தால் உடைகிறது. உப்பின் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கின்மேல் ஓர் அயனித் தொலைவு நகர்ந்தால் போதும், அதுவரை எதிரெதிர் நின்றவை மாறி நேர்மின் அயனிக்கு எதிரே நேர்மின் அயனியும், எதிர்மின் அயனிக்கு எதிரே எதிர்மின் அயனியும் வந்துவிடுகின்றன. அதுவரை பிடித்திருந்த அதே விசை அந்த நொடியில் தள்ளும் விசையாகிவிடுகிறது. அந்தத் தளத்தில் படிகம் வழுவழுப்பாகப் பிளக்கிறது. கல் உப்பை உடைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், துண்டுகளும் பெரும்பாலும் செங்கோண முகங்களோடு இருப்பதைக் காணலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் உடைப்பதைப் பார்த்தவர்கள் அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கருங்கல் பல கனிமங்கள் பின்னிக் கிடக்கும் கலவை, அதில் சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பில் பகிர்வுத் தன்மை, அதாவது எலக்ட்ரான்களை இரு அணுக்களும் பங்கிட்டுக்கொள்வது, பெரும் பங்கு வகிக்கிறது.

பகிர்வுத் தன்மை என்றதும் ஒரு சிறு திருத்தம். முழுமையான அயனிப் பிணைப்பு என்று எந்தச் சேர்மத்திலும் இல்லை. நேர்மின் அயனி சிறிதாகவும் மின்சுமை மிகுந்ததாகவும் இருந்து, எதிர்மின் அயனி பெரிதாக இருந்தால், முன்னது பின்னதன் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கிறது. ஃபஜான் விதிகள் சொல்வது இதைத்தான். அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அளவிலேயே பதங்கமாகிவிடுவது (உருகாமல் நேரே ஆவியாகிவிடுவது) இதற்கு எடுத்துக்காட்டு. உலோகமும் அலோகமும் சேர்ந்தாலே அயனிச் சேர்மம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது.

மின்சாரம் கடத்துவதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மின்னோட்டத்துக்கு மின்சுமை நகர வேண்டும். திண்ம உப்பில் அயனிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. உருக்கினாலோ கரைத்தாலோ பூட்டுத் திறந்துவிடுகிறது. சர் ஹம்ஃப்ரி டேவி 1807-இல் உருகிய எரிசோடாவில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் சோடியம் உலோகத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். பள்ளியில் செய்து பார்ப்பதானால் 9 வோல்ட் மின்கலம், ஒரு சிறு எல்.இ.டி விளக்கு, அதற்குரிய மின்தடை, இரண்டு பென்சில் கரித்துண்டுகள் போதும். முதலில் உலர்ந்த கல் உப்பில் தொட்டுப் பாருங்கள், பிறகு உப்பு நீரில் தொட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவரிலுள்ள மின்இணைப்பை இதற்கு எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. உப்பு நீரிலிருந்து சிறிதளவு குளோரின் வாயுவும் வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், ஓரிரு நிமிடங்களுக்கு மட்டும் செய்ய வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. 787 கிலோஜூல் கொடுத்துப் பிரிக்க வேண்டியதைத் தண்ணீர் எப்படி இலவசமாகப் பிரிக்கிறது? இலவசமாகப் பிரிக்கவில்லை, தண்ணீரும் விலை கொடுக்கிறது. நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனையில் சற்று எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் முனைகளில் சற்று நேர்மின்சுமையும் இருக்கின்றன. படிகத்தின் மூலையிலும் விளிம்பிலும் உள்ள அயனிகளுக்குப் பக்கத்துணை குறைவு. அங்கேதான் நீர் மூலக்கூறுகள் முதலில் மொய்க்கின்றன. சோடியம் அயனியை நோக்கி ஆக்சிஜன் முனைகளும் குளோரைடு அயனியை நோக்கி ஹைட்ரஜன் முனைகளுமாக அவை சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் வெளிவருகிறது. இதை நீரேற்ற ஆற்றல் என்கிறோம். ஒரு மோல் உப்பின் இரு அயனிகளுக்கும் சேர்த்து அது ஏறத்தாழ 783 கிலோஜூல். படிகத்தை விட்டுப் பிரிவதால் இழப்பதும், நீரால் சூழப்படுவதால் பெறுவதும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சமம். அடுப்புத் தரும் வெப்பத்தின் இடத்தில் இங்கே நீரின் அணைப்பு நிற்கிறது, அவ்வளவே. இதோடு, நீருக்குள் இரண்டு மின்சுமைகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, வெற்றிடத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், பிரிந்த அயனிகள் எளிதில் மீண்டும் சேர்வதும் இல்லை.

கணக்கில் கூர்ந்து பார்த்தால் இன்னும் மோலுக்கு 4 கிலோஜூல் அளவு துண்டு விழுகிறது. அந்தப் பற்றாக்குறையை உப்பு, சுற்றியுள்ள நீரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் உப்புக் கரையும்போது நீர் சிறிது குளிர்கிறது. நட்டத்தில் ஏன் ஒரு செயல் தானாக நடக்க வேண்டும்? ஒழுங்காக அடுக்கிக் கிடந்த அயனிகள் நீர் முழுவதும் பரவிக் கிடப்பதற்கான வழிகள் எண்ணற்றவை. அந்தப் பரவல், அதாவது என்ட்ரோபி உயர்வு, அந்தச் சிறு நட்டத்தை மிஞ்சிவிடுகிறது. எண்ணெய் மூலக்கூறுகளுக்கு இத்தகைய முனைகள் இல்லை. கிருஷ்ணகிரி மாங்காயில் ஊறுகாய் போடும்போது உப்பு நல்லெண்ணெயில் கரைவதில்லை; மாங்காய்த் துண்டுகளிலிருந்து இழுத்த நீரில்தான் அது கரைகிறது. எண்ணெயில் மட்டும் போட்ட உப்பு, ஆறு மாதம் கழித்தும் அடியில் உப்பாகவே கிடக்கும்.

மழைக்காலத்தில் கல் உப்புச் சாடி நீர்விட்டுக்கொள்வதும் இதே நீரேற்றத்தின் கதைதான். ஆனால் அதற்குப் பெரும் பொறுப்பு சோடியம் குளோரைடுடையதன்று, கடல் நீரிலிருந்து கூடவே வந்த சிறிதளவு மக்னீசியம் குளோரைடுடையது. சோடியம் அயனியின் நீரேற்ற ஆற்றல் மோலுக்கு 400 கிலோஜூல் அளவில் இருக்க, சிறியதும் இரட்டை மின்சுமை கொண்டதுமான மக்னீசியம் அயனிக்கு அது 1,900-ஐத் தாண்டுகிறது. காற்றிலுள்ள ஈரத்தையே அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

மூன்றாவது கேள்வி நம் மண்ணைச் சேர்ந்தது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் அண்டாவில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது ஃபுளோரைடு அன்று. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடாக்கும்போது அது கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்பனேட்டாக மாறிப் படிகிறது. கால்சியம் அயனியும் இரட்டை மின்சுமை, கார்பனேட் அயனியும் இரட்டை மின்சுமை. படிகக்கூட்டின் பிடி மிக வலுவானது. நீரேற்றமும் வலுவானதுதான், ஆனால் அந்த அயனிகளைச் சூழ்ந்து நிற்கும் நீர் மூலக்கூறுகள் இறுக்கமாக ஒழுங்குபட்டுவிடுவதால், உப்புக்குக் கைகொடுத்த பரவல் இலாபம் இங்கே கிடைப்பதில்லை. ஆகவே ஒரு லிட்டர் தூய நீரில் 15 மில்லிகிராம் அளவுகூட அது கரைவது கடினம். நீங்கள் தேய்த்து அது போகாததற்குக் காரணம் இதுதான். ஆனால் நம் ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தால் அது விட்டுக்கொடுக்கும். புளியின் டார்டாரிக் அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கி வெளியேற்றுவதால், கால்சியம் தன் துணையை இழக்கிறது.

ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் கிடப்பவை சார்னோக்கைட், நைஸ், கிரானைட் போன்ற பழம்பாறைகள். அவற்றிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் முதலிய கனிமங்களில் ஹைட்ராக்சைடு அயனி நிற்க வேண்டிய இடங்களில் ஃபுளோரைடு அயனியும் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மின்சுமை, ஏறத்தாழ ஒரே அளவு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில், குறிப்பாகக் காரத்தன்மையுள்ள நீரில், ஹைட்ராக்சைடு உள்ளே போக ஃபுளோரைடு வெளியே வருகிறது. வந்த ஃபுளோரைடு எந்த அளவு ஏறலாம் என்பதை நீரிலுள்ள கால்சியம் முடிவுசெய்கிறது. கால்சியம் ஃபுளோரைடு கரைவது மிகக் குறைவு. லிட்டருக்கு 16 மில்லிகிராம் அளவுதான். கால்சியம் மிகுந்தால் ஃபுளோரைடுக்கு இடமில்லை, கால்சியம் குறைந்தால் இடம் கிடைக்கிறது. கரைதிறன் பெருக்கத்தை, அதாவது நிறைகரைசலில் கால்சியத்தின் செறிவையும் ஃபுளோரைடு செறிவின் வர்க்கத்தையும் பெருக்கினால் வரும் மாறா எண்ணை, வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரில் ஃபுளோரைடின் உச்ச வரம்பு 3.5 மில்லிகிராம் அளவில் நிற்கும். கால்சியம் 10 மில்லிகிராமாகக் குறைந்தால் வரம்பு 7 வரை உயரும்.

ஆகவே, அண்டாவில் வெள்ளைப் படிவு அதிகம் விடுகிற தண்ணீர்தான் பல்லைக் கெடுக்கும் தண்ணீர் என்ற எண்ணம் தவறு. படிவே விடாத, சோப்பு நன்றாக நுரைக்கும் மென்நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கக் கூடும். அதற்காகப் படிவு விடும் நீர் பாதுகாப்பானது என்றும் கொள்ளக் கூடாது. இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத நிலையிலும் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மேலே நாம் கண்ட 3.5 என்ற வரம்புகூட அதைவிட இரு மடங்குக்கு மேல். கண்ணால் பார்த்தோ நாவால் சுவைத்தோ இதை அறிய வழியில்லை.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. அது ஆவியாகிப் போகும் வாயு அன்று, நீரால் சூழப்பட்ட அயனி; நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சியதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நான்கு லிட்டரைக் காய்ச்சி மூன்று லிட்டராக்கினால், 3 மில்லிகிராம் என்றிருந்த அளவு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆகிவிடும். போதாக்குறைக்கு, அதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த கால்சியமும் அண்டாவின் சுவரில் படிந்து நீரை விட்டு நீங்கிவிடுகிறது. படிகாரத்தையும் சுண்ணாம்பையும் உரிய அளவில் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை, அலுமினா வடிகட்டி, ஆர்.ஓ. ஆகியவற்றால் குறைக்க முடியும். இவற்றையெல்லாம்விட நல்லது, ஃபுளோரைடு குறைந்த காவிரி நீரைக் குடிப்பதும் சமைப்பதும். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் இரு மாவட்டங்களுக்கும் வந்ததன் நோக்கமே அதுதான்.

பாறைக்குள் நடந்த இடமாற்றம் பல்லுக்குள்ளும் நடக்கிறது. பல்லின் எனாமல் ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகம். அதிலும் ஹைட்ராக்சைடின் இடத்தில் ஃபுளோரைடு போய் அமர்கிறது. சிறிதளவு அமர்ந்தால் படிகம் அமிலத்தை முன்னைவிட நன்றாகத் தாங்குகிறது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறுவயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் எனாமல் சரியாக அமையாமல், முளைக்கும் பல்லிலேயே வெண்திட்டும் பழுப்புக் கறையுமாக வெளிப்படுகிறது. வெளியிலிருந்து ஒட்டிய கறையாக இருந்தால் புளியாலோ பல்பொடியாலோ போகும்; படிகத்தோடு படிகமாக அமைந்தது தேய்த்துப் போகாது. ஆகவே, உங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், சுத்தமான ஒரு பாட்டிலில் உங்கள் போர்த் தண்ணீரைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஃபுளோரைடை மட்டும் அளக்கச் சொல்லாமல் கால்சியத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் கைக்கு வந்தபின், மேலே உள்ள வரம்புக் கணக்கை உங்கள் வீட்டு நீருக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.